இருநூற்று நாற்பது மரங்களின் இறப்புச் சான்றிதழ்

செத்துப்போன மரத்தின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு எலுமிச்சைச் சாதம் சாப்பிடுவது எவ்வளவு சங்கடமான காரியம் என்பதை முனைவர் இசக்கியம்மாள் அன்றுதான் தெரிந்துகொண்டாள். அதுவும் அந்த மரத்தைக் கொன்றது நீதான் என்று ஊரே சொல்லும்போது, ஒரு வாய் உள்ளே இறங்குவேனா என்கிறது. எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணிக்கு மட்டும் சோறு தாராளமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர்தான் இறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட வந்தவர்.

வருடம் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு. இடம், திருநெல்வேலிக்கு மேற்கே உள்ள மலையில் நெடும்பாறை ஆய்வு முகாம். தரையிலிருந்து முப்பது மீட்டர் உயரத்தில், பதினேழாம் எண் வெடிப்பலா மரத்தின் கிளைகளுக்கு நடுவே பலகை அடித்துக் கட்டிய பரண் ஒன்று இருந்தது. அதில் மூன்று பேர். முனைவர் பட்டம் முடித்து, மரங்களின் மூச்சை ஆராய்கிறேன் என்று இந்தக் காட்டில் நாலு வருடமாகக் குடியிருக்கும் இசக்கியம்மாள். அவளுக்காக மரம் ஏறும் அருள்தாஸ். சென்னையிலிருந்து வந்திருந்த மரநோய் வல்லுநர் டாக்டர் ஹெலன் சுகிர்தா.

சுகிர்தாவைப் பற்றிச் சும்மா சொல்லக்கூடாது. ஐம்பத்தாறு வயதில், கயிற்று இருக்கையில் கண்ணை இறுக மூடியபடி முப்பது மீட்டர் மேலே வந்துவிட்டார். வந்தவர் பரணின் நடுவை விட்டு ஒரு சாண்கூட நகரவில்லை. அங்கிருந்தபடியே அதிகாரத்தைக் குறைவில்லாமல் செலுத்தினார்.

"பதிவுக்காகக் கேட்கிறேன்," என்றார், கை துடைத்துக்கொண்டு. "என்ன செய்தீர்கள் என்று எளிமையாகச் சொல்லுங்கள். வேதியியல் வேண்டாம்."

இசக்கி தொண்டையைச் செருமினாள். "இலையில கண்ணுக்குத் தெரியாத துளைங்க இருக்கு மேடம். மரம் அது வழியாத்தான் மூச்சு விடுது. விடும்போது தண்ணியும் சேந்து வெளிய போயிரும். மூணு வருசம் மழை பொய்ச்சதும் மரம் ஒவ்வொண்ணாக் காய ஆரம்பிச்சிட்டு. அதான் ஊசி போட்டோம். ஊசி போட்டா துளையெல்லாம் மூடிக்கிடும். மரம் உறங்கிரும். தண்ணியே கேக்காது. திரும்ப மழை வந்ததும் எழுப்புறதுக்கு இன்னொரு ஊசி."

"மழை வந்ததா?"

"நாப்பது நாளாச்சு மேடம்."

"எழுப்பும் ஊசி?"

"எல்லாத்துக்கும் போட்டாச்சு."

"எழுந்தனவா?"

அருள்தாஸ் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இசக்கி தன் டிபன் டப்பாவை மூடினாள்.

எழவில்லை. இருநூற்று நாற்பது மரங்களில் ஒன்றுகூட எழவில்லை. இலை உதிரவில்லை, வாடவில்லை, ஆனால் மூச்சும் இல்லை. சாதாரண மரமாக இருந்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்து, பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். உறங்கும் மரத்தில் அந்தப் பச்சையும் மங்கிவிடும். ஆக, இலைத்துளை திறக்கிறதா என்று பார்ப்பது ஒன்றே வழி. அதைப் பார்க்க ஒரு கருவி இருந்தது. இலையைக் கவ்விப் பிடிக்கும் ஒரு தாடை, அதிலிருந்து ஒரு வயர், ஒரு சின்னப் பெட்டி. எதைக் கொடுத்தாலும் திருப்திப்படாமல் கீங் கீங் என்று குறை சொல்லும் என்பதால் அருள்தாஸ் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்திருந்தார். இலையில் ஈரம் இருந்தால் கத்தும். பக்கத்தில் யாராவது மூச்சு விட்டால் எண் குழம்பும். காட்டுக்குள் பாதை திறப்பது காலை எட்டு மணிக்கு, யானை பயத்தால். ஆகவே தினமும் ஒன்பது மணிக்கு இருவரும் வந்து, இலையை மெல்லிய காகிதத்தால் ஒற்றித் துடைத்து, மாமியாரைக் கவ்வவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணைப் பார்ப்பார்கள். பூஜ்யம். நாற்பது நாளும் பூஜ்யம். ராத்திரி மரத்திலேயே விட்டுப் பார்க்கலாம் என்று ஒரு தடவை விட்டார்கள். குரங்கு வயரைக் கடித்துத் துப்பிவிட்டது. இருப்பதோ ஒரே கருவி. அன்றிலிருந்து மாமியார் மாலையானால் முகாமுக்கு வந்துவிடுவாள்.

பட்டு நிற்கும் மரங்களில் வண்டு விழுந்தால் மொத்தக் காட்டுக்கும் பரவிவிடும். அதனால் மறுநாள் காலை வெட்டுக்காரர்கள் அறுவை இயந்திரங்களோடு வருவதாக ஏற்பாடு. சுகிர்தாவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

இதில் இசக்கிக்குப் போவது வேலை. மரம் எழுந்திருந்தால், அடுத்த கோடைக்குள் இந்த மலைத்தொடரில் நாலு லட்சம் மரங்களை உறங்கவைக்கும் திட்டத்துக்கு அவள்தான் தலைவி. அருள்தாஸுக்குப் போனது அதைவிடப் பெரியது. பழைய தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் இருக்கிறவர்கள் எல்லாரும் தேனெடுப்பதும் ஏலம் பறிப்பதும் இந்தக் காட்டில்தான். ஊசி போட அவர்கள் சம்மதிக்கவில்லை. கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டபோது அருள்தாஸ்தான் எழுந்து நின்று, "நான் பொறுப்பு, ஒரு மரம் சாகாது" என்று சொன்னார். இப்போது ரேஷன் கடை வரிசையில் அவரோடு யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மனைவி ரோஸ்லின் சோறு போடுகிறாள், குழம்பு ஊற்றுகிறாள், பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள்.

சாப்பாடு முடிந்தது. சுகிர்தா தன் கண்ணாலேயே பார்க்கவேண்டும் என்றார். இசக்கி ஓர் இலையைத் துடைத்து மாமியாரைக் கவ்வவைத்தாள். மூவரும் மூச்சைப் பிடித்தார்கள். பூஜ்யம். பத்து நிமிடம் பொறுத்தார்கள். பூஜ்யம். மணி மூன்றரை.

சுகிர்தா பையிலிருந்து படிவத்தை எடுத்துத் தொடைமேல் வைத்து நிரப்பினார். மரங்களின் எண்ணிக்கை, இனம், தேதி. இறப்புக்கான காரணம் என்ற கட்டத்தில் 'ஊசி மருந்து' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். இசக்கிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அருள்தாஸ் எதிரில் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அவரோ ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து வாக்கிடாக்கி கரகரத்தது. கீழே முகாமில் இருந்த ரேஞ்சர் மீரான் மைதீன்.

"இசக்கி மேடம், மேலேயா இருக்கீங்க? யாரும் எறங்கிராதீங்க. உங்க மரத்தடியில யானை நிக்கு."

"எத்தனை சார்?"

"பதினொண்ணு. குட்டி ரெண்டு. ஈத்த யானை, ரொம்ப கோவமா இருக்கு."

இசக்கி பலகை இடுக்கு வழியாகக் கீழே பார்த்தாள். ஆமாம், சாம்பல் நிறத்தில் முதுகுகள். மரத்தடியில் யானைக்குப் பிடித்த ஈற்றை மூங்கில் தழை கொட்டிக் கிடக்கிறது. விருந்து முடித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள் போலிருந்தது.

"எப்போது போகும்?" என்றார் சுகிர்தா. அவர் குரலில் சென்னை அலுவலகம் கொஞ்சம் கழன்றிருந்தது.

"அதுகளுக்கு எப்பத் தோணுதோ அப்ப," என்றார் அருள்தாஸ்.

அந்த இரவைப் பற்றி நீட்டி முழக்கப்போவதில்லை. குளிர், மூடுபனி, மூன்று பேருக்கு ஒரு பாக்கெட் பொரிகடலை. டாக்டர் சுகிர்தா தன்னைத்தானே இரண்டு கயிற்றால் மரத்தின் தண்டோடு கட்டிக்கொண்டு, தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, தெரியாததையும் சொன்னார். யார் எப்போது தூங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

கீங்.

இசக்கிக்கு விழிப்புத் தட்டியது. மணி ஐந்தே முக்கால். வெளிச்சம் வருகிறதா இல்லையா என்று சொல்லமுடியாத நேரம். காடு முழுக்க இலைகளில் பனி கோத்து நின்றது. ஏதோ கனவு என்று புரண்டு படுத்தாள்.

கீங். கீங்.

மாமியார்! யானை வந்த களேபரத்தில் கருவியைக் கழற்றி அணைக்கவே மறந்துபோயிருந்தாள். நேற்று மதியம் கவ்விய அதே இலையை விடாமல் கவ்விக்கொண்டு இருந்தது. அணைத்துத் தொலைப்போம் என்று கையை நீட்டியவளின் கை அப்படியே நின்றது.

திரையில் பூஜ்யம் இல்லை. நான்கு.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். ஏழு. பதினொன்று.

"மூச்சு விடாதீங்க!" என்று கத்தினாள்.

தூக்கத்தில் இருந்த இரண்டு பேரும் அலறிக்கொண்டு எழுந்தார்கள். யானை மேலே ஏறி வந்துவிட்டது என்றே சுகிர்தா நினைத்தாராம், பிறகு சொன்னார்.

"மூச்சு விடாதீங்க, தள்ளிப் போங்க, அண்ணாச்சி வாயப் பொத்துங்க!"

அருள்தாஸ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தார். இருபத்தாறு. முப்பத்தொன்பது. வாயைப் பொத்திய கைகளுக்குள்ளிருந்து ஒரு விநோதமான சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"நிறுத்துங்கள்," என்றார் சுகிர்தா. வல்லுநர் விழித்துக்கொண்டார். "எல்லா இலையும் நனைந்து கிடக்கிறது. ஈரம் காட்டும் பொய் எண் இது."

"இந்த இலை நனையல மேடம். நேத்து நீங்க பாக்கத்தான் தொடச்சுக் கவ்வ விட்டேன். அப்ப இருந்து தாடைக்குள்ளதான் இருக்கு. சுத்தி உள்ள இலையெல்லாம் பனி குடிக்குது, இந்த இலை காஞ்ச இலையாவே தொறக்குது. மரமே எந்திச்சாத்தான் மேடம் இப்படி நடக்கும்!"

"அப்படியானால் மூச்சுக்காற்று."

"மூணு பேரும் மூச்சு விடாமத்தான நிக்கோம்!"

உண்மைதான். சுகிர்தாவின் முகம் சிவந்துபோயிருந்தது. அவர் பின்னால் சாய்ந்து ஒரு பெரிய மூச்சை வெளியே விட்டுவிட்டு, மறுபடி வந்து குனிந்தார். ஐம்பத்தெட்டு. நல்ல ஆரோக்கியமான மரம் நடுப்பகலில் காட்டும் எண்ணே அறுபதுதான்.

"இன்னொரு மரம் வேண்டும்," என்றார். "ஒன்றை வைத்து நான் எதையும் நம்பமாட்டேன்."

பக்கத்தில் பதினெட்டாம் மரத்துக்குக் கயிற்றுப் பாலம் இருந்தது. அருள்தாஸ் மாமியாரை இடுப்பில் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார் என்றுதான் சொல்லவேண்டும். இசக்கி பின்னாலேயே போனாள். பாதிப் பாலத்தில் திரும்பிப் பார்த்தால், அம்மாடி, டாக்டர் ஹெலன் சுகிர்தா! நேற்று முழுக்க ஒரு சாண் நகராதவர், கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பாலம் ஆடுவதைக்கூடப் பார்க்காமல் வந்துகொண்டிருக்கிறார்.

"இலையத் தொடைக்கணும்லா? காகிதம் எங்க?" என்றார்.

காகிதம் பரணிலேயே இருந்தது. சுகிர்தா ஒரு விநாடியும் யோசிக்காமல் தன் சேலை முந்தானையால் அந்த இலையை ஒற்றி எடுத்தார். மாமியார் கவ்வினாள். அறுபத்தொன்று.

"எம்மா!" என்றார் சுகிர்தா. "எம்மா, உசுரோடதான் இருக்கு பிள்ள! நேத்து கையெழுத்துப் போட்டுட்டனே!"

இந்த இடத்தில்தான் அவர் திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்துக்காரர் என்பது இருவருக்கும் தெரிந்தது. முப்பது வருடச் சென்னைத் தமிழ் ஒரே நொடியில் உதிர்ந்துவிட்டது.

சூரியன் எதிர்மலையைத் தாண்டிய நேரம் ஆறு நாற்பது. வெயில் இலையில் விழுந்தது, பனி காய்ந்தது, எண் மளமளவென்று இறங்கியது. நாற்பது, பதினைந்து, மூன்று, பூஜ்யம். மூன்று பேரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். நாற்பது நாளாக அழவைத்த அதே பூஜ்யம்தான்.

"மூணு வருசம் மழை ஏமாத்திட்டு," என்றாள் இசக்கி, மூச்சிரைக்க. "அந்த மூணு வருசமும் தப்பாம வந்தது காலையில விழுற பனி மட்டுந்தான். மரம் அந்த நேரத்தைப் பிடிச்சுக்கிட்டு போல. ஒரு மணி நேரம் எந்திச்சுப் பனியக் குடிச்சு, மூச்சு விட்டுட்டு, வெயில் வந்தா மூடிக்கிடுது. மழை இப்பத்தான வந்துருக்கு, அத நம்பணும்லா? கொஞ்சம் நாளாகும்."

மூவரும் பாலத்தைக் கடந்து பதினேழாம் மரத்துப் பரணுக்குத் திரும்பியதும், சுகிர்தா வாக்கிடாக்கியைப் பறித்துக்கொண்டு அதன் மறுகோடிக்குப் போனார். வெட்டுக்காரர்களின் ஜீப்பை முகாம் வாசலிலேயே நிறுத்தச் சொல்லி மீரானிடம் கத்த ஆரம்பித்தார். யானைகள் எப்போதோ போய்விட்டன என்று அவர் சொல்ல வந்ததை இவர் காதில் வாங்கவில்லை.

இசக்கிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அருள்தாஸின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "மருந்து வேலை செஞ்சிட்டு அண்ணாச்சி! எழுப்புற ஊசி வேலை செஞ்சிட்டு! நாலு லட்சம் மரம்!"

அருள்தாஸ் சிரிக்கவில்லை. சற்றுமுன் வாயைப் பொத்திக்கொண்டு துள்ளியவர், இப்போது பூனையைக் கண்ட எலி மாதிரி ஒடுங்கி நின்றார்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். திட்டப்படாது."

"இன்னைக்கு நான் யாரையும் திட்டமாட்டேன். சொல்லுங்க."

"பதினேழுக்கு நான் எழுப்புற ஊசி போடல."

"என்ன?"

"அன்னைக்கு ஏறுனேன். இந்தக் கிளையில சோலைமந்தி ஒண்ணு, அப்பத்தான் குட்டி போட்டுருக்கு. ஈரம்கூடக் காயல. என்னப் பாத்துப் பல்லக் காட்டுது. ஒரு எட்டு வச்சா குட்டியத் தூக்கிட்டுத் தாவும், குட்டி விழுந்துரும். எறங்கிட்டேன். நாளைக்குப் போடலாம்னு நோட்டுல போட்டாச்சுன்னு எழுதிட்டேன். மறுநா மருந்து தீந்து போச்சு. அப்புறம் ஒரு மரமும் எந்திக்கலயா, ஒண்ணு விட்டதச் சொல்லி என்ன ஆகப்போவுதுன்னு..." தலையைக் குனிந்துகொண்டார். "இருநூத்து முப்பத்தொம்பதுக்குப் போட்டுருக்கு மேடம். சத்தியமா. இந்த ஒண்ணுதான். நான் வாயத் தொறக்கமாட்டேன். உங்களுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்."

இசக்கி தாங்கள் நின்றிருந்த பதினேழாம் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். ஊசி போடாத மரம். ஊசி போட்ட பக்கத்து மரத்தோடு சேர்ந்து, அதே நேரத்துக்கு, அதே அளவுக்கு எழுந்திருக்கிறது. இந்தக் காட்டுக்கு வருமுன் அவள் மூன்று வருடம் ஆய்வகத்தில் கண் விழித்துச் செய்த மருந்துக்கும் இந்த எழுச்சிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல் இருக்கலாம். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது, இல்லை என்று சொல்வது பொய். சொல்லாமல் விட்டால் வேலை நிச்சயம், திட்டம் நிச்சயம், தலைவி நாற்காலி நிச்சயம். நாலு லட்சம் மரங்களை உறங்கவைப்பார்கள், எழுப்பும் மருந்து இருக்கிறதே என்ற தைரியத்தில். இந்தச் சரிவில் பனி விழுகிறது. பனி விழாத சரிவில் உறங்கவைத்த மரத்தை எது எழுப்பும்?

அடுத்த நிமிடம் என்ன ஆயிற்றோ, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பது நாளாக நான் கொன்றுவிட்டேன், நான் கொன்றுவிட்டேன் என்று அழுதாயிற்று. பத்து நிமிடமாக நான் எழுப்பிவிட்டேன் என்று குதித்தாயிற்று. மரம் இரண்டையும் சட்டையே செய்யவில்லை. தன் பாட்டுக்குத் தூங்கியது, தன் பாட்டுக்கு எழுந்தது. அதன் பெயரில் இவள்தான் மாய்ந்து மாய்ந்து போயிருக்கிறாள். எவ்வளவு பெரிய பாரம் அது! இறக்கி வைத்தபோதுதான் அதன் கனமே தெரிந்தது. விழுந்து விழுந்து சிரித்தாள். அருள்தாஸ் பயந்துபோய் அவள் இடுப்புக் கயிறு சரியாக மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.

"மேடம்!" என்று சுகிர்தாவைக் கூப்பிட்டாள். "எழுதும்போது மருந்து எழுப்புச்சுன்னு எழுதிராதீங்க. பதினேழுக்கு மருந்தே போடல. மருந்துக்கு இதுல பங்கு உண்டான்னே எனக்குத் தெரியாது."

சுகிர்தா வாக்கிடாக்கியை இறக்கினார். "தெரிஞ்சுதான் பேசுதியா? இத எழுதுனா அந்தத் திட்டத்த நிப்பாட்டிருவாங்க. உன் வேலை?"

"மரம் காலையில என்ன பண்ணுதுன்னே தெரியாம நாலு வருசம் வேலை பாத்துருக்கேன் மேடம். பாக்க வேண்டிய வேலை நெறைய கெடக்கு. யாராவது குடுப்பாங்க."

சுகிர்தா அவளை நோக்கி நடந்து வந்தார். திட்டப்போகிறார் என்றுதான் அருள்தாஸ் நினைத்தார். அவரோ இசக்கியின் கன்னத்தை இரண்டு விரலால் வலிக்கக் கிள்ளிவிட்டு, பையைத் திறந்து படிவத்தை எடுத்தார். பனியில் ஓரம் நனைந்து போயிருந்தது.

வாக்கிடாக்கியில் மீரானின் குரலை ஒதுக்கிவிட்டு ஒரு பெண்குரல் வந்தது. "எய்யா, அங்க இருக்கியளா? என்னமோ மரம் முழிச்சிட்டுன்னு ரேஞ்சர் சொல்லுதாரே, நெசந்தானா?" ராத்திரி வீடு வராத புருஷனைத் தேடி முகாமுக்கு வந்திருந்த ரோஸ்லின்தான். அருள்தாஸ் நிஜம் என்று தலையை மட்டும் ஆட்டினார், வாக்கிடாக்கிக்கு அது தெரியுமா என்ன. இசக்கிதான் பதில் சொன்னாள், எல்லா மரமும் நல்லா இருக்கு, அண்ணாச்சியும் நல்லா இருக்காரு என்று.

"கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதலாம்லா மேடம்?" என்று கேட்டார் அருள்தாஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"வேற படிவம் கிடையாது. செத்ததுக்குத்தான் அச்சடிச்சு வச்சிருக்கான். உசுரோட இருக்கதுக்கு ஒரு கட்டம்கூட இல்ல." சுகிர்தா பேனாவை உதறி உதறி மை வரவைத்தார். இறப்புக்கான காரணம் என்ற கட்டத்தில் 'ஊசி மருந்து' என்பதை அடித்தார். அதற்குமேல் இருந்த சின்ன இடத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதி, கீழே மறுபடி கையெழுத்துப் போட்டு, இசக்கியிடம் நீட்டினார்.

அவள் வாங்கி உரக்க வாசித்தாள்.

"மரங்கள் இறக்கவில்லை. நாங்கள் தினமும் மூன்று மணி நேரம் தாமதமாக வந்தோம்."